எரர் காயினா, அடிபட்ட காசா? கையில் ஆறு காசுகள், உறுதி செய்வது எப்படி?

பழங்காசு23 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஆறு காசுகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஆறும் பார்வைக்கு அச்சுப் பிழை மாதிரிதான் இருக்கின்றன. இணையத்தில் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டால் எல்லாமே எரர் என்றுதான் தோன்றுகிறது, அதனால் அந்த வழியில் நம்பிக்கை இல்லை. காசை வைத்தே சோதிக்கும் முறை வேண்டும்.

முதல் காசில் ஓரத்தை யாரோ கடித்தாற்போல் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. முறையான எடை 5.00 கிராம், இது 4.62. இரண்டாவதில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது, குறிப்பாகக் கடைசி இரண்டு இலக்கங்கள். மூன்றாவதில் தலையின் கன்னத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு. அது மேடா பள்ளமா என்பதே பிடிபடவில்லை, திருப்பத் திருப்ப மாறுகிறது. நான்காவதில் முகப்பின் குறுக்கே, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்துகள், பள்ளமாக. ஐந்தாவது இரு உலோக நாணயம். நடு வட்டம் வெளி வளையத்தோடு பொருந்தாமல் ஏறக்குறைய 40 பாகை திரும்பியிருக்கிறது. ஆறாவது விட்டம் குறைந்த காசு. 23.0 மி.மீ. இருக்க வேண்டும், 22.4தான் இருக்கிறது. விளிம்பு மட்டும் தடித்து, ஓர எழுத்துகள் அதற்குள் பாதி புதைந்திருக்கின்றன.

10 மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் (கைக்கண்ணாடி), 0.01 கிராம் காட்டும் தராசு, விட்டம் அளக்க டிஜிட்டல் வெர்னியர் மூன்றும் உண்டு. எதை முதலில் பார்க்க வேண்டும், எது எதை நிரூபிக்கும்?

அச்சுக்கூடம் எழுதியது:

காசு உருவாகும் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆறுக்கும் விடை அதற்குள்ளேயே கிடைக்கும். தகட்டுச் சுருளிலிருந்து வட்டமாக வெட்டி எடுப்பது வெற்று வில்லை. அதைச் சூடேற்றி இளக்கி, சுழலும் சக்கரத்துக்கும் அசையாத ஒரு பள்ளத்துக்கும் நடுவே உருட்டுவார்கள். வில்லையின் ஓரம் நசுங்கி மேலெழும். அடுத்து அச்சு இயந்திரம். கீழே ஒரு டை (உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சு), மேலே ஒரு டை, சுற்றிலும் காலர் என்ற எஃகு வளையம். மேல் டை இறங்கியதும் உலோகம் டையின் பள்ளங்களுக்குள் ஏறும், பக்கவாட்டில் வழிந்து காலரில் முட்டி நிற்கும். விட்டத்தைத் தீர்மானிப்பதும், பல் விளிம்பு உள்ள காசுக்கு அந்தப் பற்களைத் தருவதும் காலர்தான்.

இந்த அடி விழும் முன்போ விழும் நொடியிலோ நடந்தது எரர். காலரை விட்டு வெளியே வந்தபின் நடந்தது எல்லாம் சேதம், எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சரி. ஆகவே ஒவ்வொரு காசிடமும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: டைக்கு அடியில் உலோகம் இப்படி வழிந்திருக்க முடியுமா?

உங்கள் முதல் காசு அதற்கு நல்ல பாடம். வெட்டும் பஞ்ச் இறங்குவதற்குள் தகடு போதுமான தூரம் நகரவில்லை என்றால், முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழும். பிறை வடிவக் குறையோடு வில்லை வெளிவரும். இதைத்தான் கிளிப் என்கிறோம். 4.62 என்ற எடை 7.6 சதவீதம் உலோகம் இல்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். அரத்தால் ராவி எடுத்தாலும் அதே எடைதான் வரும். எடையை வைத்துக் கிளிப்பை நிரூபிக்க முடியாது.

பார்க்க வேண்டியது நான்கு இடங்கள். அதே வகையில் நல்ல காசு ஒன்றை எடுத்து அந்தப் பிறைக்குள் பொருத்திப் பாருங்கள். குறையை உண்டாக்கியது அதே அளவு பஞ்ச் என்பதால் வளைவு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அடுத்து, குறைக்கு நேர் எதிரே 180 பாகையில் விளிம்பைப் பாருங்கள். உருட்டும்போது குறையுள்ள பக்கம் எதையும் தொடாததால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் விழாது. அங்கே விளிம்பு மெலிந்தோ மறைந்தோ போயிருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று இதற்குப் பெயர். மூன்றாவது, குறையை ஒட்டிய எழுத்துகள். அடி விழும்போது அந்தப் பக்கம் காலர் எட்டாத தூரத்தில் இருப்பதால் உலோகம் வெற்றிடத்தை நோக்கி இழுபடும். எழுத்துகள் நீண்டு, மங்கி, விளிம்பு படிப்படியாக மெலிந்து குறைக்குள் இறங்கும். ராவிய காசில் எழுத்து கூர்மையாக வந்து, கத்தி வைத்தாற்போல் பாதியில் நிற்கும். கடைசியாக, வெட்டின் பக்கச் சுவர். உண்மையான கிளிப்பில் இணைகோடுகளாக அரத் தடம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. பிளேக்ஸ்லி இல்லை என்பதாலேயே காசைத் தள்ளிவிடாதீர்கள். மிகச் சிறிய கிளிப்பில் அது தெரியாமல் போகலாம். ஆனால் எழுத்து இழுபடவும் இல்லை, எதிர் விளிம்பும் முழுசாக இருக்கிறது என்றால் அது வெட்டிய காசுதான்.

லூப்பும்தராசும் எழுதியது:

இரண்டாவது காசைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ஏமாற்றமும் ஏமாற்றும் அதிகம் நடப்பது இந்த இரட்டை எண்ணில்தான்.

இரட்டையாகத் தெரிய மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, டையே இரட்டையாகிப் போனது. டையை உருவாக்கும்போது தாய் அச்சான ஹப்பை அதன்மேல் அழுத்துவார்கள். முன்பெல்லாம் ஒரே அழுத்தில் முழு உருவம் ஏறாது. டையைச் சூடேற்றி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை இம்மியளவு விலகி உட்கார்ந்தால் இரண்டு உருவமும் டையில் பதிந்துவிடும். பிறகு அந்த டை அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே திசையில், அதே அளவில் வரும். இதுதான் டபுள்டு டை, சேகரிப்பாளர்கள் தேடுவது.

இரண்டாவது காரணம் இயந்திர ஆட்டம். டை சற்றுத் தளர்ந்திருந்தால், அடித்து முடித்து விலகும் நொடியில் புதிதாய் எழுந்த எழுத்தின் பக்கவாட்டில் உரசித் தள்ளிவிடும். இது நடப்பதும் அச்சு இயந்திரத்தில்தான், ஆனாலும் சேகரிப்பில் இதை டபுள்டு டை வரிசையில் சேர்ப்பதில்லை. மூன்றாவது, தேய்ந்த டை. ஆயிரக்கணக்கான அடிகளில் உலோகம் வெளிநோக்கி வழிந்து வழிந்து டையின் எழுத்தோரங்கள் அரிக்கப்பட்டு, காசில் மங்கலான இரண்டாம் கரை உருவாகும்.

லூப்பில் பிரிப்பது இப்படி. விளக்கை ஒரு பக்கமாக, தாழ்வாக வையுங்கள். இலக்கத்தின் மொத்த அகலத்தை நல்ல காசின் அதே இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். டபுள்டு டையில் இரண்டு உருவமும் முழு உருவம், அதனால் இலக்கம் வழக்கத்தைவிட அகலமாக இருக்கும். இரண்டு உருவத்தின் மேற்புறமும் உருண்டிருக்கும், எழுத்தின் கோடி முனைகளில் மீன் வால்போல் சிறு பிளவு தெரியும். இயந்திர ஆட்டத்தில் அகலம் கூடாது. எழுத்திலிருந்து சீவிய உலோகமே இரண்டாவதாகத் தெரிவதால், மூல எழுத்து மெலிந்திருக்கும். அதன் காலடியில் களத்தை (உருவமும் எழுத்தும் இல்லாத சமதளத்தை) ஒட்டித் தட்டையாக, படிக்கட்டின் ஒரு படிபோல் பளபளக்கும் ஒரு திட்டு இருக்கும். காசை மெல்லச் சாய்த்தால் அந்தப் படி முழுதும் ஒரே நேரத்தில் மின்னி அணையும். உருண்டையான பரப்பு அப்படி மின்னாது. இந்த ஒரு மின்னலைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

தேய்ந்த டையில் பிளவு இருக்காது, படியும் இருக்காது. எழுத்தைச் சுற்றிக் கலங்கலான ஒரு கரை, பெரும்பாலும் ஓரத்தை ஒட்டிய எழுத்துகளில்; சுற்றியுள்ள களமும் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாக இருக்கும்.

1955 அமெரிக்க ஒரு சென்ட் இதற்கு எடுத்துக்காட்டு. முகப்பில் ஆண்டும் வாசகங்களும் வெறும் கண்ணுக்கே தெரியுமளவு விலகிய டபுள்டு டை அது. அதே 1955இல் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும் வேறு காசுகளும் உண்டு. அவை வெறும் டைத் தேய்மானம். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே மதிப்புள்ள காசு, ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

உங்கள் காசில் குறிப்பாகக் கடைசி இரண்டு இலக்கத்தில் என்று சொன்னதால் இயந்திர ஆட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். படி மின்னுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

விளிம்புக்கோடு எழுதியது:

மூன்றாவது காசுக்கு ஒரு எளிய வழி. ஒரே திசையிலிருந்து வரும் ஒளியில் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மூளை மாற்றிக் காட்டும், அதனால்தான் திருப்பத் திருப்ப மாறுகிறது. கோட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள், எழுத்து மேடு என்பது உறுதி. எழுத்தின் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல்? கோட்டிலும் அதே பக்கம் வெளிச்சம் என்றால் கோடு மேடு. மாறியிருந்தால் பள்ளம்.

மேடு என்றால் நல்ல செய்தி. டையில் விரிசல் விட்டால் அதற்குள் உலோகம் ஏறிக் காசில் மேடாக நிற்கும். டை விரிசல் நேர்கோடாக ஓடாது. வளைந்து நெளிந்து, எழுத்துக்கு எழுத்து தாவி, அனேகமாக விளிம்பில் போய் முடியும். உயரமும் ஒரே சீராக இருக்காது. பள்ளம் என்றால் கீறல். கீறிய உலோகம் இரு கரையிலும் வரப்புபோல் குவிந்திருக்கும். அந்த வரப்பைப் பார்த்துத்தான் பலர் மேடு என்று ஏமாறுகிறார்கள். வரப்பு இரட்டை, நடுவே வாய்க்கால். டை விரிசல் ஒற்றை வரப்பு.

விளிம்பருகே டையின் ஒரு துண்டே உடைந்து விழுந்திருந்தால் காசில் அந்த இடம் உருவமில்லாத வழுவழுப்பான மேட்டுத் திட்டாக இருக்கும். கட் என்பார்கள். அப்போது காசைத் திருப்பி அதே இடத்துக்கு நேர் பின்புறம் பாருங்கள். உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டதால் பின்பக்க உருவம் அங்கே மங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் பொங்கி, மறுபக்கம் முழுக்கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பசையோ ஈயமோ ஒட்டியிருக்கலாம்.

நான்காவது காசு, நீங்கள் சொன்ன வரையில், பிடிப்பானில் நசுக்கிய காசு என்றே நினைக்கிறேன். இரண்டு காசுகளை அடுக்கி வைஸில் இறுக்கினால் ஒன்றின் எழுத்து மற்றொன்றில் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். இதை பிராக்கேஜ் என்று விற்கிறார்கள். உண்மையான பிராக்கேஜ் என்பது, அடித்த காசு ஒன்று டையில் ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அந்தக் காசின்மேல் அடி வாங்குவது. முழு பிராக்கேஜில் ஒரு பக்கம் காசின் வழக்கமான உருவம், மறுபக்கம் அதே உருவமே இடவலம் மாறிப் பள்ளமாக. அந்தப் பக்கம் வர வேண்டிய டை உருவத்துக்கு அங்கே இடமே இல்லை, ஏனென்றால் டையை மூடிக்கொண்டு இன்னொரு காசு நிற்கிறது. உங்கள் காசில் முகப்பு உருவமும் இருக்கிறது, அதன் மேலேயே எழுத்துப் பள்ளமும் இருக்கிறது என்றால் உருவம் வந்த பிறகு விழுந்த பள்ளம் அது.

இன்னொரு குழப்பம் டை மோதல். நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு டையும் மோதினால் ஒன்றின் வெளிக்கோடு மற்றொன்றில் பதிந்து, பிறகு வரும் காசுகளில் எதிர்ப்பக்க உருவத்தின் நிழல் இடவலம் மாறித் தெரியும். இது சரியான எரர். வேறுபாடு இடத்தில் இருக்கிறது. டையில் மேலே நிற்பது காசின் களமாக வரும் பகுதி. காசின் மேடான கன்னமும் முடியும் டைக்குள் ஆழத்தில் இருக்கும். ஆகவே மோதல் தடம் களத்தில்தான் விழும், உருவத்தின் உச்சியில் விழாது. வைஸில் நசுக்கும்போது நேர் எதிர்: முதலில் அடிபடுவது உச்சிதான். கன்னத்தின்மேல் எழுத்துப் பள்ளம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழங்காசு23 எழுதியது:

மிக்க நன்றி. சொன்னபடி பார்த்தேன். கிளிப் காசில் வளைவு பொருந்துகிறது. குறைக்கு நேர் எதிரே சுமார் 4 மி.மீ. நீளத்துக்கு விளிம்பு தட்டையாகி இருக்கிறது. பக்கத்து எழுத்து குறையை நோக்கி நீண்டிருக்கிறது. ஆண்டு எண்ணில் படி மின்னுகிறது, இலக்கத்தின் அகலம் கூடவில்லை. கோட்டில் எழுத்தின் அதே பக்கம்தான் வெளிச்சம், ஒற்றை வரப்பு. நான்காவதில் கன்னத்தின்மேலேயே இரண்டு எழுத்துகள் பதிந்திருக்கின்றன, பின்பக்க உருவமும் நசுங்கி மழுங்கியிருக்கிறது.

ஐந்தும் ஆறும் மிச்சம். கூடவே ஏழாவதாக ஒன்று: வாசகத்தில் மூன்று எழுத்துகள் சுத்தமாக இல்லை.

அச்சுக்கூடம் எழுதியது:

கிளிப் உறுதி. டை விரிசலும் உறுதி. இரண்டாவது இயந்திர ஆட்டம், நான்காவது நசுக்கிய காசு.

ஐந்தாவதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரு உலோகக் காசில் வளையமும் நடு வட்டமும் தனித்தனி வில்லைகளாக அச்சுக்கு வருகின்றன. உருவம் பதிவதும் இரண்டும் இறுகிப் பூட்டிக்கொள்வதும் ஒரே அடியில். ஒரே டை இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் இறங்குவதால், ஒரு பக்கத்தில் நடு உருவம் வளைய உருவத்துக்குத் திரும்பி நிற்க வழியே இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிச் செல்லும் ஏதாவது ஒரு கோடோ கதிரோ இருந்தால் அது முறியாமல் தொடர வேண்டும். முறிந்திருந்தால் நடு வட்டத்தைக் கழற்றி மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். எல்லையில் இடைவெளி, கருவித் தடம், பசைக் கறை மூன்றில் ஒன்று கிடைக்கும். முகப்புக்கும் பின்பக்கத்துக்கும் இடையே திருப்பம் இருப்பது வேறு கதை. டை சுழன்று பொருந்தியதால் வருவது அது. அப்போது முகப்பு முழுதும் ஒரே கோணத்தில், பின்பக்கம் முழுதும் வேறு கோணத்தில் இருக்கும். அதைச் சொல்லும் முன், உங்கள் காசு வகையில் இரு பக்கமும் ஒரே திசையில் நிற்க வேண்டுமா, தலைகீழாக நிற்க வேண்டுமா என்று நல்ல காசு ஒன்றில் பார்த்துவிடுங்கள்.

இரு உலோகக் காசில் நடுவே ஓட்டையாக வந்தாலும் இதே தருக்கம். நடு வில்லை இல்லாமல் அடி வாங்கியிருந்தால் வளையத்தின் உலோகம் உள்நோக்கி வழிந்திருக்கும், ஓட்டையின் ஓரம் உருண்டு, ஓர உருவம் உள்ளே இழுபட்டிருக்கும். அடித்தபின் நடுவைத் தட்டி எடுத்த காசில் உருவம் எல்லை வரை கூர்மையாக இருக்கும், ஓட்டைச் சுவரில் பூட்டின் தடம் தெரியும்.

லூப்பும்தராசும் எழுதியது:

ஆறாவது உலர்த்தி இயந்திரக் காசு. துணி உலர்த்தும் டிரம்மில் சிக்கி வாரக்கணக்கில் உருண்டால் விளிம்பின் மேல் எண்ணிலடங்காத சிறு தட்டல்கள் விழும். விளிம்பு உள்நோக்கி உருண்டு தடிக்கும், விட்டம் குறையும், ஓர எழுத்து புதையும். உலோகம் எங்கும் போகவில்லை என்பதால் எடை ஏறக்குறைய முழுசாகவே இருக்கும். தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையில் சிறிய வில்லையில் அடித்த காசாக இருந்தால் ஓர எழுத்துகள் புதையாது, அவற்றுக்கு இடம் போதாமல் அறுந்திருக்கும். எடையும் குறையும்.

இதோடு சேர்த்து அமிலத்தில் போட்ட காசையும் சொல்லிவிடுகிறேன், 'மெல்லிய வில்லை எரர்' என்று அதிகம் வருவதால். அமிலம் எல்லாப் பக்கமும் தின்னும். விட்டமும் குறையும், தடிமனும் குறையும், எழுத்தும் இளைக்கும், பரப்பு மணல் காகிதம்போல் ஆகும். தகடு மெலிந்ததால் வந்த உண்மையான எரரில், காலர் வரை உலோகம் பரவியிருந்தால் விட்டம் முழுசாக இருக்கும். உருவத்தின் உயர்ந்த பகுதிகள் மட்டும் உலோகம் போதாமல் நிரம்பாமல் மங்கியிருக்கும். வெர்னியரும் தராசும் சேர்ந்து பேசுவது இந்த இடத்தில்தான்.

'வேறு உலோகத்தில் அடித்தது' என்று யாராவது சொன்னால் முதல் சோதனை காந்தம். 1943இல் அமெரிக்க ஒரு சென்ட் துத்தநாகம் பூசிய எஃகில் வந்தது, 2.70 கிராம். தவறுதலாக வெண்கல வில்லையில் அடித்தவை 3.11 கிராம், காந்தத்தில் ஒட்டாது. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்பவை உடனே ஒட்டிவிடும். 1948இன் 8ஐ வெட்டி 3 ஆக்கியவை காந்தத்தைத் தாண்டிவிடும். அங்கே லூப்தான் வேண்டும், வெட்டிய இடத்தில் களம் கீறியிருக்கும்.

விளிம்புக்கோடு எழுதியது:

ஏழாவதுக்கு: டையின் எழுத்துப் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால் உலோகம் ஏற இடமிருக்காது, எழுத்து வராது. இது எரர், ஆனால் மிகச் சாதாரணமான எரர். எழுத்து இல்லாத இடத்தில் களத்தின் பளபளப்பு பக்கத்துக் களத்தோடு தடையில்லாமல் தொடர வேண்டும், எழுத்தின் மங்கலான எச்சம் இருந்தால் அதன் ஓரங்கள் மென்மையாக இருக்க வேண்டும். சுரண்டி எடுத்த இடம் சற்றே பள்ளமாக, மெல்லிய இணைகோடுகளோடு, பக்கத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருக்கும்.

டையில் காணாமல் போவதும் காசில் காணாமல் போவதும் எப்படி வேறுபடும் என்பதற்கு, 1937இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச் சாலையில் அடித்த மூன்று கால் எருமைக் காசைச் சொல்லலாம். டையை அளவுக்கு மேல் மெருகேற்றியதில் முன்னங்கால் அழிந்தது. அந்த டை அடித்த காசுகளில் வயிற்றுக்குக் கீழே மேடான புள்ளிகளின் ஒரு வரிசையும் இருக்கும். சாதாரணக் காசில் காலை ராவி எடுப்பவரால் அந்தப் புள்ளிகளை உண்டாக்க முடிவதில்லை.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசும் எப்போதாவது உங்களிடம் வரும். அனேகமாக எல்லாமே இரண்டு காசுகளைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்று செருகியவை. ஒரு முகத்தில், விளிம்பின் உட்சரிவை ஒட்டி, முடிக்கோடு போன்ற இணைப்பு முழு வட்டமாக ஓடும். சுண்டினால் கணீரென்று ஒலிக்காது.

பழங்காசு23 எழுதியது:

ஆறாவது எடை 4.98. ஏழாவதில் எழுத்து இருந்த இடத்தில் பழுப்பாக ஏதோ படிந்திருப்பதால் களம் தெரியவில்லை. துடைத்துப் பார்க்கலாமா?

அச்சுக்கூடம் எழுதியது:

துடைக்காதீர்கள். துணியும் பற்பசையும் புளியும் எதுவும் வேண்டாம். உரசிய கோடு விழுந்துவிட்டால் சுரண்டலா பிசுக்கா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி ஆகாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றி 10 நிமிடம் விடுங்கள், பிளாஸ்டிக் கிண்ணம் கரையலாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அருகே அடுப்போ நெருப்போ கூடாது. எடுத்ததும் வேறொரு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முறை முக்கி, விளிம்பைப் பிடித்து, பஞ்சில்லாத தாள்மேல் தானாக உலர விடுங்கள். பசையும் பிசுக்கும் கரையும், உலோகத்தைத் தொடாது. கறை போகவில்லை என்றால் அது உலோகத்தின் துரு நிறம், அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு பக்க ஒளியில் இரண்டு படம் எடுத்துப் போடுங்கள்; ஒன்று ஒளி இடமிருந்து, இன்னொன்று காசை அசைக்காமல் ஒளியை மட்டும் வலப்பக்கம் மாற்றி.